மருத மரத்தில் குறிக்கப்பட்ட முயல் வளை

காட்டாற்றங்கரையில் இருந்த தாய் முயலுக்கு அன்று உயிர் போய் உயிர் வந்தது. புது வளைக்குக் குடிவந்து மூன்றே நாள். பட்டப்பகலில் ஒரு நரி நேராக வாசலில் வந்து நின்றது. தேடவில்லை, மோப்பம் பிடிக்கவில்லை.

“மூன்று குட்டிகள்தானே? ஒன்றை மட்டும் கொடு, போதும்!” என்றது நரி.

பின்வாசல் வழியாகக் குட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஓடித் தப்புவதற்குள் முயலுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

‘வளை தெரிந்தது சரி. குட்டிகளின் எண்ணிக்கை எப்படித் தெரிந்தது?’ முயல் யோசித்தது. அதை அது ஒருவரிடம்தான் சொல்லியிருந்தது. மரங்கொத்தியிடம்!

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். எல்லா விலங்குகளும் தங்கள் வளை எங்கே, குட்டிகள் எத்தனை என்று மரங்கொத்தியிடம் சொல்லும். அது பெரிய மருத மரத்தில் குறி கொத்தி வைக்கும். வெள்ளம் வந்தால் குரங்குகள் குறியைப் பார்த்துக் குட்டிகளைத் தூக்கிவரும். மற்ற நாட்களில் களிமண் பூசி மூடிவிட வேண்டும், எவருக்கும் காட்டக் கூடாது என்பது சட்டம். மீறினால் பதவி போகும், குடியிருக்கும் மரமும் போகும். ஆனால் இதுவரை யாருக்கும் எதுவும் போனதில்லை. அதனால்தான் மரங்கொத்திக்கு அவ்வளவு தைரியம்!

முயல், காட்டில் தீர்ப்புச் சொல்லும் யானையாரிடம் போய் முறையிட்டது.

“சந்தேகம் போதாதம்மா, சாட்சி வேண்டும். கொண்டுவா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார் யானையார்.

முயல் முள்ளம்பன்றியிடம் ஓடியது. “அண்ணே, என் குட்டிகள் உங்கள் வளையில் இருப்பதாக ஒரு பொய் சொல்லப்போகிறேன். நரி வரும்!”

“வரட்டுமே! விருந்தாளி வந்து ரொம்ப நாளாயிற்று!” என்றது முள்ளம்பன்றி.

முயல் மரங்கொத்தியிடம் போய், “வளை மாற்றிவிட்டேன். இப்போது ஈச்சம்புதருக்கு அடியில் இருக்கிறோம்” என்று சொன்னது. அது முள்ளம்பன்றியின் வளை! வேறு யாரிடமும் முயல் மூச்சுவிடவில்லை.

மறுநாள் உச்சிவேளையில் ஈச்சம்புதரிலிருந்து ஒரு ஊளை கேட்டது. மூக்கெல்லாம் முள்ளாக நரி வெளியே உருண்டது! குரங்குகள் அதை அப்படியே மருத மரத்தடிக்கு இழுத்துவந்தன. காடே கூடிவிட்டது.

“நான் வாயே திறக்கவில்லை!” என்று அலறியது மரங்கொத்தி. “களிமண் பூச மறந்துவிட்டேன், அவ்வளவுதான். நரி தானாகப் பார்த்திருக்கும்!”

“மூடாமல் விட்டதே குற்றம்தான்” என்றார் யானையார். “அது கிடக்கட்டும். மரத்தடியில் இத்தனை புற்றுக்கட்டிகள் கிடக்கின்றனவே, கறையானோடு! இவை என்ன, நடந்தா வந்தன?”

நரி முனகியது: “மரங்கொத்திதான் தினம் ஒரு கட்டி கேட்டது, சாமி...”

அப்புறம் என்ன? யானையார் அங்கேயே தீர்ப்புச் சொன்னார். மரங்கொத்திக்குப் பதவி போயிற்று. புழு கொழுத்த மருத மரமும் போயிற்று. அதற்கு முன், கொத்திய அலகாலேயே எல்லாக் குறிகளையும் அழிக்க வேண்டும். வளை வளையாகப் போய், “உங்கள் குறியை நரிக்குக் காட்டிவிட்டேன்” என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். நரிக்கு நான்கு மழைக்காலம் காட்டுக்குள் நுழையத் தடை.

“வேண்டுமானால் முயலுக்குப் புது வளை நானே தோண்டித் தருகிறேன்!” என்று கெஞ்சியது நரி.

“தோண்டுவாய், தோண்டுவாய்! விலாசத்தையும் தெரிந்துகொள்வாய்!” என்றது முயல். காடு குலுங்கிச் சிரித்தது.

பறவைக்கூடுகளின் குறிகளை வைத்திருந்த மைனா சிரிக்கவில்லை. நைசாக நழுவிப்போய்த் தன் மரத்துக்கு இரண்டு பூச்சுக் களிமண் பூசியது.

முயல் குட்டிகளோடு வெயிலில் துள்ளிக்கொண்டு போனது. எத்தனை நாளைக்குப் பிறகு அதன் காது நிமிர்ந்தது, தெரியுமா!

நம்மை நம்பிப் பிறர் சொன்ன விவரத்தைக் காட்டிக்கொடுப்பது குற்றம். அதற்குத் தண்டனை தவறாமல் கிடைக்கும் இடத்தில்தான் எளியவர் நிம்மதியாக வாழ முடியும்.