வீட்டுக்குப் பேர் என்ன?

ஐம்பத்தெட்டு வயதில் ஒருவர் சிஷ்யனாகச் சேர்ந்தாராம். குருவுக்கு வயது நாற்பத்தொன்று.

சிஷ்யர் சந்தனராஜ், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். குரு வடிவாம்பாள், பத்திர எழுத்தர். பதிவு அலுவலகத்துக்கு எதிரே சின்ன அறை. இவர் அவரை 'அம்மா' என்பார். அவர் இவரை 'அண்ணாச்சி' என்பார். ஊர் கொஞ்ச நாள் சிரித்துப் பார்த்தது. பிறகு அதற்கும் அலுத்துவிட்டது.

ஒரு திங்கட்கிழமை சந்தனராஜ் வீட்டுப் பத்திரக் கோப்பு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். முகத்தில் மாப்பிள்ளைக் களை.

"யாருக்கு வீடு, அண்ணாச்சி?"

"எனக்குத்தாம்மா. பதினோரு வாடகை வீடு மாறியாச்சு. இனிமே பாத்திரத்தைச் சாக்குல கட்ட மாட்டேன்னு என் வீட்டுக்காரி சொல்லிட்டா. வெள்ளிக்கிழமை கிரயம். ஞாயித்துக்கிழமை பால் காய்ச்சுதோம்."

"எல்லாம் பார்த்தாச்சா?"

"நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி ஒண்ணு விடாமப் பார்த்தேன்."

வடிவாம்பாள் கோப்பைத் திறக்கவில்லை. வாயால்தான் கேட்டார்.

"தாய்ப்பத்திரம்?"

"அசலையே பார்த்தேன். வேலாயுதம்னு ஒருத்தர். சொந்தச் சம்பாத்தியத்துல வாங்கின மனை, அவரே கட்டின வீடு. இப்ப அவர் இல்லை."

"வில்லங்கம்?"

"முப்பத்தஞ்சு வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு அடமானம்கூடக் கிடையாது."

"உயில்?"

"எழுதி வைக்கலையாம்."

"வாரிசு?"

"சான்று இருக்கு. மனைவி லெட்சுமி, மகன் கைலாசம், இன்னொரு மகன் சிதம்பரம். மூணு பேரும் கையெழுத்துப் போட வாறாங்க."

"வீட்டுக்குப் பேர் என்ன?"

"கதவு எண் பதினேழும்மா."

"நம்பரைக் கேக்கலை."

சந்தனராஜ் கோப்பைப் புரட்டினார். முன்னாலிருந்து ஒரு தடவை, பின்னாலிருந்து ஒரு தடவை. எந்தத் தாளிலும் வீட்டுக்குப் பேர் இல்லை.

"கிரயத்துக்கு அது தேவையாம்மா?"

"போய்ப் பார்த்துட்டு வாங்க."

மறுநாள் மத்தியானம் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"பேரே இல்லைம்மா. முன்சுவர் வெறும் வெள்ளை."

"உச்சி வெயில்ல போனீங்களா?"

"ஆமா."

"அந்தக் காலத்து வீடு. சிமெண்டுல எழுத்து வச்சிருப்பாங்க. வெயில் சாஞ்சப்புறம் போங்க."

முணுமுணுத்துக்கொண்டே போனார். சாயங்காலம் வெயில் பக்கவாட்டில் விழுந்தபோது, வெள்ளைச் சுவரில் மெல்ல நிழல்கள் எழுந்தன. தூரத்தில் வரும் பஸ்ஸின் பலகையைப் படிப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார்.

தமயந்தி இல்லம்.

வாசலில் பெரிய மகன் கைலாசம் நின்றான்.

"யாருப்பா தமயந்தி?"

கைலாசம் அந்தச் சுவரை நிமிர்ந்து பார்த்தான். பிறகு சொன்னான்.

"எங்க அக்கா. அவ இஷ்டத்துக்கு ஒருத்தனைக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. அன்னைக்கே அப்பா எங்க எல்லாரையும் ஆத்துக்குக் கூட்டிட்டுப் போய்த் தலைமுழுக வச்சிட்டார். இருபத்தாறு வருஷம் ஆச்சு. அதான் சான்று வாங்கையில அவளை யாரும் சொல்லலை. செத்தவளை எதுக்குச் சொல்லணும்?"

"செத்துட்டாங்களா?"

"எங்களுக்கு."

"அப்பா அந்த எழுத்தைக் கொத்தி எடுக்கலையே?"

"வெள்ளையடிக்கச் சொன்னார். கொத்தச் சொல்லலை." சொல்லிவிட்டு, போன் வந்தது என்று உள்ளே போய்விட்டான்.

சொம்பில் தண்ணீரோடு அவனுடைய அம்மா லெட்சுமி வந்தார். சந்தனராஜ் குடித்து முடிக்கும்வரை நின்றார். உள்ளே ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பொங்கலுக்கு வெள்ளையடிக்க வாறவன்கிட்ட, எழுத்து இடுக்கை மட்டும் அடைச்சிராதப்பான்னு ஒவ்வொரு வருஷமும் நான்தான் சொல்லுவேன்."

புதன்கிழமை காலையில் சந்தனராஜ் நடந்ததையெல்லாம் சொன்னார். சொல்லி முடித்ததும் குரல் இறங்கிவிட்டது.

"மகளுக்கும் சமபங்கு உண்டுன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா இருபத்தாறு வருஷமா எட்டிப் பார்க்காதவங்க, இனிமேலா வந்து கேக்கப் போறாங்க? இருக்கிற வீட்டைக் காலி பண்ணுதோம்னு சொல்லியாச்சு. அடுத்த குடித்தனக்காரன் வந்து சமையல்கட்டை அளந்து பார்த்துட்டுப் போயிட்டான். கண்ணை மூடிக்கிட்டு எழுதிக் குடுங்கம்மா. அவங்க வரவே மாட்டாங்க."

வடிவாம்பாள் பேனாவை மூடி வைத்தார்.

"அண்ணாச்சி, உங்க பஸ்ல ஒரு சீட்டுல துண்டு கிடக்கு. ஆளைக் காணோம். என்ன செய்வீங்க?"

"யாரையும் உக்கார விடமாட்டேன். போட்டவர் டீ குடிக்கப் போயிருப்பார்."

"பஸ் கிளம்பப் போகுது. இன்னும் ஆள் வரலை."

"விசில் அடிக்க முன்னாடி கீழே இறங்கி, 'துண்டு யாருதுப்பா'ன்னு ஒரு சத்தம் குடுப்பேன். கேக்காதவனுக்கும் கேக்கும்."

"இங்கே சத்தம் குடுத்தாச்சா?"

சந்தனராஜ் கோப்பை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"அட்ரஸை யார்கிட்டக் கேக்க?"

"தண்ணி குடுத்தவங்ககிட்ட."

"நான் போய்க் கேட்டு, அவங்க கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிட்டா?"

"வீடு உங்களுக்கு இல்லை, அண்ணாச்சி."

சந்தனராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை காலை. நல்ல நேரத்துக்கு எழுத வேண்டிய பத்திரம் வெறும் தாளாக மேசையில் கிடந்தது. போன் அடித்தது. அந்தப் பக்கம் ஹாரன் சத்தம், வெள்ளரிப்பிஞ்சு விற்பவரின் சத்தம், அதற்கு நடுவே சந்தனராஜ்.

"அம்மா, தூத்துக்குடி பஸ் பக்கத்துல நிக்கேன். வீட்டுக்காரி ரெண்டு நாளா பேசலை. கைலாசம் என்னைப் பார்த்து, வீடு வாங்க வந்தீரா, வினை வாங்க வந்தீரான்னு கேட்டுட்டான்."

"அட்ரஸ் கிடைச்சுதா?"

"லெட்சுமியம்மா சுருக்குப்பையில இருந்துச்சு. மடிச்சு மடிச்சு நாலு துண்டாக் கிழிஞ்ச காகிதம். அதைக் குடுத்ததோட விட்டிருந்தாப் பரவாயில்லை. இப்ப நல்ல சேலையா உடுத்திக்கிட்டு அவங்களே வந்து பஸ் ஸ்டாண்டுல நிக்காங்க. மகன்கள்கிட்டச் சொல்லலையாம். மகளைப் பார்த்ததும் முதல்ல என்ன பேசணும்னு என்னைக் கேக்காங்க. நான் பங்கைப் பத்திக் கேக்கப் போறவன், எனக்கு என்ன தெரியும்? பஸ் வேற நிறையுது. என்னம்மா செய்ய?"

வடிவாம்பாள் வெறும் தாளை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"போகும்போது ரெண்டு பேருக்குத் துண்டைப் போடுங்க, அண்ணாச்சி. திரும்பும்போது மூணு பேருக்குப் போட்டுப் பாருங்க."