கஞ்சி இனித்த வழக்கு

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விடவேண்டிய ஒரு நாட்டில், மகிபாலன் என்றொரு ராஜா இருந்தார். அவர் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தது. அரண்மனை வைத்தியர் பார்த்துவிட்டு, "மன்னா, ஒரு மண்டலத்துக்கு வெல்லம், தேன், பாயசம் எதுவும் ஆகாது" என்றார். மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள். ராஜாவுக்கு அழுகையே வந்துவிட்டது. தான் மட்டும் அழுவது ராஜ லட்சணம் இல்லை என்று, சபையில் உள்ள அத்தனை பேரும் தன்னோடு இனிப்பை விடவேண்டும் என்று ஆணையிட்டார்.

சபையின் விகடகவி சிற்றம்பலத்துக்குப் புத்திக்கு முன்னால் நாக்கு ஓடும். "இனிப்பை விடுவது ஒரு பெரிய காரியமா மன்னா?" என்றார். சொல்லும்போதே அவர் மடியில் இரண்டு அதிரசம் இருந்தது.

மந்திரி அகோரமூர்த்திக்குச் சிற்றம்பலத்தைக் கண்டாலே பித்தம் தலைக்கேறும். அவர் எழுந்து கைகூப்பினார். "அப்படியானால் விகடகவியே சபைக்கு முன்மாதிரியாக இருக்கட்டும். விரதம் தவறினால் கழுதைமேல் ஏற்றி நாட்டு எல்லைக்கு அப்பால் விட்டுவிடலாம்."

ராஜா தலையசைத்தார். எல்லைக்கு அப்பால் சிற்றம்பலத்துக்கு ஒரு சொந்தமும் இல்லை. சிரிக்கவைப்பதைத் தவிர வேறு தொழிலும் தெரியாது. நுணலும் தன் வாயால் கெடும் என்று தன்னையே நொந்துகொண்டு வீட்டுக்குப் போனார்.

இரண்டாம் நாள் தலை வலித்தது. நான்காம் நாள் மனைவி காமாட்சி மோர் கொண்டுவந்து வைத்த சத்தத்துக்கே எரிந்து விழுந்தார்.

"தலைவலின்னா போய்ப் படுங்க. எம்மேல ஏன் பாயுறீங்க? நானா உங்கள வாய விடச் சொன்னேன்?" என்றாள் காமாட்சி.

ஏழாம் நாள் கடைத்தெருவில் வெல்ல மூட்டையின் பக்கத்தில் நின்று மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் விரட்டினார். உலகத்தைச் சிரிக்கவைக்கிற பெரிய மனிதர், சாக்கை மோந்து பார்த்துப் பிடிபட்டார். அன்று அவருக்கே தன்னை நினைத்து வெட்கமாக இருந்தது.

பிறகு நாள் ஆக ஆகத் தலைவலி போனது. எரிச்சல் அடங்கியது. முப்பதாம் நாள் காலையில் வெறும் அரிசிக் கஞ்சியை வாயில் வைத்தவர் திகைத்துப்போனார். கஞ்சி இனித்தது. அதைத் தன்னோடு வைத்துக்கொண்டிருக்கலாம். அவரால் முடியுமா? நேரே சபைக்கு வந்து, "மன்னா, இன்று நான் குடித்த கஞ்சி இனித்தது" என்று சொல்லிவிட்டார்.

அகோரமூர்த்தி துள்ளி எழுந்தார். "வெறும் கஞ்சி எங்காவது இனிக்குமா? வெல்லம் கலந்திருக்கிறார் மன்னா. வாக்குமூலமும் அவரே கொடுத்துவிட்டார்."

ராஜாவின் முகம் சிவந்தது. கழுதையைக் கொண்டுவர ஆள் ஓடினான். சிற்றம்பலம் ஓடிவந்து ராஜாவின் முன்னால் நின்றார்.

"மன்னா, ஒரு விண்ணப்பம். தங்கள் கண்முன்னே அரிசியும் தண்ணீரும் மட்டும் போட்டு, உப்புக்கூட இல்லாமல் கஞ்சி காய்ச்சட்டும். விரதம் காத்தவர்கள் எல்லோரும் குடிக்கட்டும். என்னைத் தவிர ஒருவருக்கும் இனிக்கவில்லை என்றால் நானே கழுதைமேல் ஏறிக்கொள்கிறேன். முதல் மரியாதை மந்திரியாருக்கு."

சபை நடுவிலேயே அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சினார்கள். அகோரமூர்த்தி ஒரு கிண்ணத்தை வாங்கி மடமடவென்று குடித்தார். வெற்றிக் களிப்போடு உதட்டைத் துடைத்துக்கொண்டு, "சப்பென்று இருக்கிறது. துளி இனிப்பு இல்லை" என்றார்.

அடுத்த கிண்ணம் ராஜாவுக்கு. ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய் குடித்தார்.

"இனிக்கிறதே."

சேனாதிபதிக்கு இனித்தது. புரோகிதருக்கு இனித்தது. வைத்தியர் முன்னே வந்து, "ஒரு மாதம் இனிப்பை விட்டால் நாக்கு தெளிந்துவிடும் மன்னா. பிறகு அரிசிக்குள் இருக்கும் இனிப்பே தெரியும்" என்றார்.

"அப்படியென்றால் தெரியாத நாக்கு?" என்று ராஜா மெல்லக் கேட்டுவிட்டு, மந்திரியின் வெற்றிலைப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே வெற்றிலை நாலு, கற்கண்டு நாற்பது.

அகோரமூர்த்தி கழுதையைப் பார்த்தார்.

"வேண்டாம் மன்னா, கழுதை என்ன பாவம் செய்தது?" என்றார் சிற்றம்பலம். "மந்திரியார் இன்றிலிருந்து ஒரு மண்டலம் விரதம் இருக்கட்டும். நான்காம் நாள் மட்டும் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க எனக்கு அனுமதி வேண்டும்."

தன் மண்டலம் முடிந்த அன்று ராஜா ஒரு தாம்பாளம் நிறைய லட்டு வரவழைத்துச் சிற்றம்பலத்துக்குப் பரிசளித்தார். நாற்பத்தெட்டு நாள் ஏக்கத்தோடு அவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். முகம் கோணியது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"என்ன ஆயிற்று?"

"திகட்டுகிறது மன்னா." சிற்றம்பலத்துக்கு நிஜமாகவே கண் கலங்கியது. "நாட்டை விட்டுத் துரத்திவிடுவீர்கள் என்று பயந்தேன். லட்டை விட்டுத் துரத்திவிட்டீர்கள்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்தபின், ஆயுசுக்கும் கஞ்சி குடிக்க இரண்டு வேலி நெல் வயலை அவர் பேருக்கு எழுதிவைத்தார்.