கப்பலுக்கு ஒரு வெள்ளோட்டம்

மாணிக்கநல்லூர்த் தேர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதற்கு நாலு பேர் காரணம். நிற்கக் கூடாத இடத்தில் நிற்பதற்கும் அதே நாலு பேர்தான் காரணம். நாகலிங்கம், வீழிநாதன், சட்டநாதன், ஐயாறப்பன் என்று பெயர். தேர்ச் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் இவர்கள் வேலை. வருஷத்தில் ஒரு நாள் வேலை. மீதி நாளெல்லாம் அதைப் பற்றிய பேச்சு. போன திருவிழாவில் தேர் ஏன் மளிகைக்கடைப் படியில் ஏறி நின்றது என்று கேட்டால், "கட்டை சரியாத்தான் போட்டோம், கடையைத்தான் தள்ளிக் கட்டியிருக்காங்க" என்பார்கள்.

கெட்டவர்கள் இல்லை. யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். அதுதான் தொந்தரவே.

நாலு பேரில் மூத்தவர் நாகலிங்கம். அவர் மனைவி சௌந்தரவல்லி. அந்த வட்டாரத்திலேயே மூளையைத் தினமும் உபயோகிக்கிற ஒரே ஆள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு ஓர் ஆசை. நாலா பக்கமும் தண்ணீர் மட்டும் தெரிகிற இடத்தில், அடுப்பு என்கிற சாமானே கண்ணில் படாமல், கொஞ்ச நாள் காலை நீட்டி உட்கார வேண்டும். நாகலிங்கமும் "ஆகட்டும், பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். இந்த வருஷம் குவைத்திலிருந்து மகன், "அம்மாவை எங்கயாவது கூட்டிட்டுப் போங்க" என்று பணத்தையே அனுப்பிவிட்டான். சௌந்தரவல்லி புருஷனை எதிரே நிறுத்தி வைத்துச் சொன்னாள்.

"இந்தா பாருங்க. இந்தத் தடவையும் கூட்டிட்டுப் போகலைன்னா நான் மாயவரத்துக்கு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்ப மாட்டேன். நீங்களும் உங்க முட்டுக்கட்டைங்களும் இந்த வீட்டை ஆண்டுக்கிட்டு இருங்க."

நாகலிங்கம் பயந்துபோனார். அவருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது என்பது ஒரு பக்கம். அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது என்பது இன்னொரு பக்கம். மனுஷனுக்குப் பெண்டாட்டி மேல் கொள்ளை ஆசை. அதைச் சொல்லத்தான் வாய் வராது.

நாலு பேரும் கும்பகோணத்துக்குப் பஸ் ஏறி ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் போய் நின்றார்கள். அங்கே ஜெனிட்டா என்று ஒரு பெண். அன்று காலைவரைக்கும் பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவள்.

"ரெண்டு வழி இருக்கு அங்கிள்," என்றாள். "ஒண்ணு, மலிவு விமானம். டிக்கெட் கம்மி. ஆனா தண்ணி, சாப்பாடு, பெட்டி எல்லாத்துக்கும் தனிக் காசு. இடம் நெருக்கடி, முட்டி முன்சீட்ல இடிக்கும். பெல்ட் போட்டுக்கிட்டா விளக்கு அணையற வரைக்கும் அவுக்கக் கூடாது. இன்னொண்ணு, கப்பல். இது பெரியவங்களுக்கு மட்டும். பதினெட்டு வயசுக்குக் கீழ எதுவும் உள்ள வராது, நிம்மதியா இருக்கலாம். பாட்டு, டான்ஸ், உள்ளேயே குளிக்கறதுக்குக் குளம் எல்லாம் உண்டு. மத்தபடி கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்."

"அப்படின்னா எப்படிம்மா? இப்படின்னா எப்படி?" என்று சட்டநாதன் பென்சில் இல்லாமலேயே குறித்துக்கொள்ளத் தயாரானார்.

ஜெனிட்டா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வீட்ல போய் உக்காந்து பேசி முடிவு பண்ணிட்டு வாங்க அங்கிள்."

வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார்கள். ஐயாறப்பன் மட்டும் நின்றார். உட்காருகிற இடத்தில் அவருக்குக் கட்டி.

"எனக்கென்னமோ கப்பல்தான் நல்லதுன்னு படுது," என்றார்.

"அது செல்லாது," என்றார் வீழிநாதன். "அந்தப் பொண்ணு உக்காந்து பேசச் சொல்லுச்சு. நீ நின்னுக்கிட்டுப் பேசற."

"கட்டி பழுத்திருக்குய்யா."

"பழுக்கட்டும். உடைஞ்சதும் வந்து உன் கருத்தைச் சொல்லு."

"சண்டை எதுக்கு?" என்று நாகலிங்கம் கையை உயர்த்தினார். "புதுத் தேர் செஞ்சா என்ன பண்றோம்? திருவிழா அன்னிக்கேவா இழுக்கறோம்? முன்னாடியே வெறும் தேரை நாலு வீதியும் இழுத்து வெள்ளோட்டம் பாக்கறோம். அச்சு தாங்குது, சக்கரம் உருளுதுன்னு தெரிஞ்சப்பறம்தானே சாமியை ஏத்தறோம்? அதே மாதிரி விமானத்துக்கு ஒரு வெள்ளோட்டம், கப்பலுக்கு ஒரு வெள்ளோட்டம். எது நல்லா ஓடுதோ அதுல வல்லியை ஏத்திடுவோம்."

"அப்ப அண்ணிதான் சாமி," என்றார் சட்டநாதன். "வெள்ளோட்டத்துல சாமி ஏறப்படாதே?"

"ஏறவே படாது."

சமையல்கட்டில் ஒரு பாத்திரம் ஓங்கி வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. சகுனம் நல்லது என்று எடுத்துக்கொண்டார்கள்.

விமானத்துக்கு வீழிநாதனின் ஷேர் ஆட்டோ. அதைத் தெருவில் நிறுத்தி மூன்று பேர் ஏறி உட்கார்ந்தார்கள். உட்கார முடியாதவர் என்பதால் பணிப்பெண் வேலை ஐயாறப்பனுக்குக் கிடைத்தது. ஏறியதும் ஒரு குறை தெரிந்தது. யாருக்கும் முட்டி இடிக்கவில்லை. "இடிக்கும்னு சொன்னாங்களே" என்று இறங்கிப் போய் அம்மிக்கல்லைத் தூக்கி வந்து காலடியில் போட்டார்கள். நன்றாக இடித்தது. நாகலிங்கத்துக்கு ரத்தமே வந்தது. எல்லோருக்கும் திருப்தி.

ஐயாறப்பன் மூன்று பேரையும் பழைய வடக்கயிற்றால் சீட்டோடு சேர்த்துக் கட்டினார். பிறகு நாகலிங்கத்தின் வீட்டுப் பானையிலிருந்தே தண்ணீர் மொண்டு வந்து நாகலிங்கத்துக்கே விற்றார். நாகலிங்கம் பேரம் பேசினார். "விமானத்துல பேரம் கிடையாதுங்க" என்று ஐயாறப்பன் மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

எந்த விளக்கு அணைய வேண்டும் என்பதில் மட்டும் சிக்கல் வந்தது. ஆட்டோவில் விளக்கு எரியவில்லை. எதிரே இருந்த தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதையே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். அந்த விளக்கு பட்டப்பகலிலும் எரிகிற விளக்கு என்பது கட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

வெயில் ஏறியது. சட்டநாதன் நெளிய ஆரம்பித்தார்.

"ஐயாறப்பா, அவசரம். கொஞ்சம் அவுத்து விடு."

"விளக்கு எரியுதே?"

"அது நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து எரியுதுய்யா!"

"அப்ப இனிமே ரொம்ப நாள் தாங்காது. பொறுத்துக்க."

ஊரில் கரண்ட் போனபோதுதான் விமானம் தரையிறங்கியது. ஐயாறப்பன் ஓடி வந்து கயிற்றை அவிழ்த்தார். சட்டநாதன் நிதானமாக இறங்கினார். அவருடைய அவசரம் அதற்குள் தானாகவே தீர்ந்திருந்தது. வீழிநாதன் ஆட்டோவைக் கழுவினார்.

"மலிவுதான்," என்று நாகலிங்கம் தீர்ப்புச் சொன்னார். "ஆனா இத்தனை நேரம் உக்காந்தும் தெருமுனையைத் தாண்டல. இதை நம்பி வல்லியை எப்படி அனுப்பறது?"

அடுத்தது கப்பல். கோயில் குளத்தில் தெப்பத் திருவிழாவுக்குக் கட்டிய டிரம் தெப்பம் இன்னும் பிரிக்காமல் கிடந்தது. என்ன செய்யப் போகிறீர்கள் என்று குருக்கள் கேட்டார். "பெரியவங்க கப்பல் விடறோம்" என்றார்கள். குருக்கள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. இவர்களிடம் மேற்கொண்டு கேட்டவர்கள் நல்லபடியாக வீடு திரும்பியதில்லை.

"பதினெட்டு வயசுக்குக் கீழ எதுவும் உள்ள வராதுன்னு சொன்னாங்க," என்று வீழிநாதன் நினைவூட்டினார். "நாம நாலு பேரும் தாண்டியாச்சு. ஆனா உன் பல் செட்டு?"

சட்டநாதன் வாயைப் பொத்திக்கொண்டார். "போன வருஷம்தான் கட்டினேன்."

"கைக்குழந்தை! கழட்டி வை."

பல் கரையில் இருந்தது. அடுத்து வேட்டியைப் பார்த்தார்கள். போன தீபாவளி வேட்டி. சட்டை அதற்கும் இளையது. உள்ளே போட்டிருந்ததெல்லாம் நேற்றுப் பிறந்தவை. பழைய டிரங்குப் பெட்டியைக் கிளறியதில், பதினெட்டைத் தாண்டிய துணி என்று நாகலிங்கத்தின் அப்பா கட்டிய துண்டு ஒன்றுதான் கிடைத்தது. அதிலும் துணியைவிட ஓட்டை அதிகம். நியாயமாக நாலாகக் கிழித்து ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள்.

பெண்கள் தண்ணீர் எடுக்க வருகிற நேரத்தில் கப்பல் புறப்பட்டது. படித்துறையில் ஒரே கூச்சல். தாய்மார்கள் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெரியவர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனை அப்படித் தானாகவே நிறைவேறியது. பெரியவர்களிலும் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"உள்ள குளம் இருக்கும்னு சொன்னாங்களே, எங்க?" என்று ஐயாறப்பன் கேட்டார்.

"அங்க கப்பலுக்குள்ள குளம். இங்க குளத்துக்குள்ள கப்பல். ரெண்டும் ஒண்ணுதான்," என்றார் நாகலிங்கம்.

குளத்தின் ஈசானிய மூலை வந்தது. மூலை வந்தால் தேரைத் திருப்ப வேண்டும், திருப்ப வேண்டுமென்றால் கட்டை போட வேண்டும். வீழிநாதன் பழக்க தோஷத்தில் முட்டுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு, "போடு!" என்று கத்தியபடி தெப்பத்தின் அடியில் பாய்ந்தார். அடியில் தரை இல்லை. அவரைப் பிடிக்க மூன்று பேரும் ஒரே பக்கம் ஓட, தெப்பம் அப்படியே குப்புறக் கவிழ்ந்தது. துண்டின் நாலு துண்டுகளும் நாலு திசையில் மிதந்து போயின.

நாலு பேரும் தாமரை இலையோடு கரையேறியதை நான் விவரிக்கப் போவதில்லை. நான் பார்த்துவிட்டேன், உங்களுக்காவது அந்த நிலைமை வேண்டாம். இதில் கண்ட ஒரே லாபம், ஐயாறப்பனின் கட்டி உடைந்துவிட்டது.

வீட்டில் சௌந்தரவல்லி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நாகலிங்கம் ஈரத்தோடு வாசற்படியில் நின்றார்.

"போகாதே வல்லி," என்றார். கண் கலங்கிவிட்டது.

"ஊரே பாக்க அவுத்துப் போட்டுட்டு நின்னீங்க, அதைக்கூட மன்னிச்சுடுவேன்," என்றாள் அவள். "எனக்குன்னு விட்ட கப்பல்ல என்னை ஏத்தாமக் கரையில நிக்க வச்சீங்க பாருங்க. அதைத்தான் தாங்க முடியல."

அப்போது ஐயாறப்பன் முன்னால் வந்து எல்லோரும் பார்க்கும்படி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப நான் பேசலாமா?"

"தாராளமா," என்றார் வீழிநாதன்.

"சாமி யாருங்கறதுலதான் தப்புப் பண்ணிட்டோம். கேக்கறேன், சாமி சமைக்குமா?"

"சமைக்காது."

"துணி துவைக்குமா?"

"எங்க துவைக்கும்?"

"பின்ன என்னதான் பண்ணும்?"

"வச்ச இடத்துல உக்காந்திருக்கும்," என்றார் சட்டநாதன். "வேளாவேளைக்குப் படையல் வரும். கூப்பிட்டா ஏன்னு கேக்காது. ஒரு வரம் கேட்டா, குடுக்கறதுக்கு ஏகப்பட்ட வருஷம் ஆகும்."

மூன்று பேரும் மெல்லத் திரும்பி நாகலிங்கத்தைப் பார்த்தார்கள். நாகலிங்கம் கூச்சத்தோடு இலையைச் சரிசெய்துகொண்டார்.

"அண்ணே!" என்றார் வீழிநாதன் நாக்குழற. "நீங்கதானா அது! சாமியைத் தூக்கித் தெப்பத்துல வச்சுக்கிட்டு வெள்ளோட்டம் பாத்திருக்கோம். கவுறாம என்ன பண்ணும்?"

"அப்ப நிஜக் கப்பல்லயே பாத்துடுவோம்," என்றார் ஐயாறப்பன். "சாமி ஏறப்படாது. அண்ணி ஏறலாம். கூடப் பாரத்துக்கு ஓர் ஆள் இருந்தா நல்லது."

சௌந்தரவல்லியின் கை ஒரு கணம்தான் நின்றது. "எங்க அக்கா வரட்டுமே? பாரத்துக்குக் குறைச்சலே இல்லை."

கட்டிய மூட்டையை அவள் அவிழ்க்கவில்லை. போகிற இடம் மட்டும் மாறியது. துறைமுகம் வரைக்கும் மலிவு விமானத்திலேயே போய், அதையும் சேர்த்துச் சோதித்துவிடுவதாகப் பொறுப்பாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அவள் இல்லாத நாட்களில் நாகலிங்கம் பச்சைத் தண்ணீரில் குளித்து, தும்மி, அவள் புடவை காய்கிற கொடியையே பார்த்துக்கொண்டு கிடந்தார். திரும்பி வந்தவள் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். வெயிலில் நிறம் மங்கியிருந்தது. முகம் மட்டும் அப்படி ஒரு மலர்ச்சி. அவள் சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்ததைப் பார்த்ததும் நாகலிங்கத்துக்குத் தும்மல்கூட நின்றுவிட்டது.

வெள்ளோட்டம் முடிந்தால் தேரைத் தட்டிப் பார்க்க வேண்டும். நாலு பேரும் அவளைச் சுற்றி நின்றார்கள்.

"அச்சு எப்படி அண்ணி?"

"லேசா முனகுது."

"அந்த அப்படி இப்படி?"

"அது பெரியவங்களுக்கு மட்டும்."

நாலு பேரும் அந்தக் கேள்வியை மரியாதையாக விட்டுவிட்டார்கள்.

"திரும்பற இடத்துல இடப்பக்கம் சாயுது," என்றாள் சௌந்தரவல்லி யோசனையோடு. "சாமி ஏறற பதத்துக்கு இன்னும் வரல. அடுத்த வருஷம் இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துடறது நல்லது."

"அவசரமே வேண்டாம்," என்றார் நாகலிங்கம்.

அடுத்த வருஷமும் சாய்ந்தது. அதற்கடுத்த வருஷம் பாரம் போதவில்லை என்று மற்ற மூன்று பேரின் மனைவிமாரும் கூடப் போனார்கள். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு சின்னக் குறை இருந்துகொண்டே இருந்தது. இப்படியே போய்க்கொண்டிருக்கையில் ஒருநாள் ஜெனிட்டா போன் செய்தாள். கப்பலுக்கு வயதாகிவிட்டதாம், பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம், வேறு புதுக் கப்பல் வந்திருக்கிறதாம்.

நாகலிங்கம் போனை வைத்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா? ஆள் மேல ஆள் விட்டுப் பாத்ததாலதான் தெரிஞ்சுது, அது கப்பலே இல்லை, வெறும் இரும்பு! ஒரு தடவை நான் அவசரப்பட்டு ஏறியிருந்தேன்னா?"

மற்ற மூன்று பேருக்கும் உடம்பு சிலிர்த்தது. வீழிநாதன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஐயாறப்பன் உள்ளே ஓடிப்போய்க் கற்பூரத் தட்டோடு வந்தார். நாகலிங்கம் தீபாராதனையை வாங்கிக்கொண்டு, கண்ணை மூடியபடியே மனைவிக்கு உத்தரவு கொடுத்தார்.

"வல்லி, புதுக் கப்பலாம். முதல்லேருந்து ஆரம்பிக்கணும். கிளம்பு."