கதவில்லாத அறை

கோயம்புத்தூரில், கன்சோல் என்கிற விளையாட்டுப் பெட்டி செய்யும் ஒரு வீடியோ கேம் கம்பெனி. அதன் பாதுகாப்புத் தலைவர் திருவேங்கடம். "நம்ம கன்சோலை எமனே வந்தாலும் உடைக்க முடியாது" என்று காலையிலும் மாலையிலும் மார்தட்டுவார். ஆனால் 'கருங்கழுகு' என்ற பெயரில் எவனோ ஒருத்தன் அதே கன்சோலைக் குடைந்து, ஆன்லைன் போட்டியில் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருப்பவர்களையும் பார்த்துப் பார்த்துச் சுட்டு ஜெயித்துக்கொண்டிருந்தான்.

திருவேங்கடம் பழியைத் தூக்கி மாரிக்கனி தலையில் போட்டார். விளையாட்டுக்குள் சுவர் வரைவதுதான் அவள் வேலை.

"உன் சுவர்தான் ஓட்டை! சாயங்காலத்துக்குள்ள கழுகைப் பிடி. இல்லேன்னா நாளையிலிருந்து வராதே!"

"சரிங்க சார்."

விளையாட்டில் வரும் கோட்டைக்கு நடுவில் கதவு, ஜன்னல் எதுவும் இல்லாத ஓர் அறையைக் கட்டினாள். உள்ளே ஒரு படத்தை வரைந்து மாட்டினாள். அவ்வளவுதான், டீ குடிக்கப் போய்விட்டாள்.

நாலு மணிக்குப் போட்டி தொடங்கியது. ஆயிரம் பேர் அந்த அறையைச் சுற்றி ஓடினார்கள். யார் கண்ணுக்கும் சுவரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அஞ்சே நிமிஷத்தில் திருவேங்கடம் கேபின் கதவை உதைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"ஆயுத பூஜையில பூசணிக்காய் உடைக்கப்போய் நான் வழுக்கி விழுந்ததை யாருய்யா வரைஞ்சு மாட்டினது? அதுவும் வேட்டி அவிழ்ந்த மாதிரி!"

ஆபீஸே எழுந்து நின்றது.

"நான்தாங்க சார்" என்றாள் மாரிக்கனி. "ஆனா அந்த அறைக்கு நான் கதவே வைக்கலீங்களே. நீங்க எப்படிங்க பார்த்தீங்க?"

திருவேங்கடத்தின் கை தானாக இடுப்பு வேட்டியைப் பிடிக்கப் போனது. அன்றைக்கு அவர் பேன்ட்தான் போட்டிருந்தார்.