டோக்கன் சரியாகத்தான் இருந்தது

குருவுக்கு முப்பத்தொரு வயது, சீடருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. கணக்குப் பிரிவில் தலை நரைத்த பிறகு கோடிங் கற்க வந்தவர் செல்வரங்கம். கற்றுக்கொடுத்தவள் தமயந்தி. அவர் அவளை மேடம் என்பார், அவள் அவரை சார் என்பாள். யாருக்கு யார் மேலதிகாரி என்று ஆபீசுக்குப் புதிதாக வருபவர்கள் குழம்பிப்போவார்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் போனில் காட்டும் ஆப் அவர்களுடையது. ஒருமுறை பாஸ்வேர்டு போட்டால் போனுக்கு ஒரு டோக்கன் கிடைக்கும்; ரிப்போர்ட் கேட்கும்போதெல்லாம் போன் அதைக் காட்ட வேண்டும். டோக்கன் சரியென்றால் சர்வர் கொடுத்துவிடும். வயதானவர்கள் அடிக்கடி பாஸ்வேர்டு போட்டுத் திண்டாடுகிறார்களே என்று மனமிரங்கி, அந்த டோக்கன் காலாவதியே ஆகாதபடி செய்துவைத்தவர் செல்வரங்கம்தான். நல்ல மனுஷர்.

அன்று காலை அம்சவேணி என்ற பெண் போன் செய்தாள். கணவனைப் பிரிந்து வந்தவள். அவளுடைய பழைய போன் அவனிடமே இருக்கிறது. அவள் பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் அவன் அவளுடைய ரிப்போர்ட்டுகளைப் படிக்கிறான். அவளுக்கு என்ன நோய் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான்.

செல்வரங்கம் சர்வர் பதிவுகளைப் பார்த்தார். யாரும் உடைத்துக்கொண்டு நுழையவில்லை. "டோக்கன் சரியாத்தாம்மா இருக்கு," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். வைத்த பிறகும் மனசு ஆறவில்லை. தமயந்தியிடம் போனார்.

"டோக்கன் சரியா இருக்கு. அப்புறம் தப்பு எங்க மேடம்?"

"கோயிலுக்குப் போயிட்டு வரலாமா சார்?"

நடை சாத்தும் நேரம். சாமி கும்பிட்டுவிட்டு அவர் பிரசாத வரிசையில் நின்றபோது, செருப்பு டோக்கனைத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள் தமயந்தி. பொங்கல் தொன்னையோடு அவர் வெளியே வந்தால் அவளும் இல்லை, செருப்பும் இல்லை.

"டோக்கன் சரியாத்தான் இருந்துச்சு. கொடுத்துட்டேன்," என்றார் செருப்பு ஸ்டாண்டுக்காரர்.

"அது என் செருப்புங்க."

"இருக்கும்."

பங்குனி வெயில். தார் ரோட்டில் நிழல் தேடித் தேடிக் குதித்தபடி ஆபீஸ் வந்து சேர்ந்தார். செருப்பு அவருடைய நாற்காலிக்கு அடியில் இருந்தது. பக்கத்தில் கால் நனைக்க ஒரு பக்கெட் தண்ணீரும் வைத்திருந்தாள் தமயந்தி.

சண்டை போடத்தான் வந்தார். ஆனால் ஸ்டாண்டுக்காரர் சொன்னது, காலையில் தான் சொன்ன அதே வார்த்தை என்பது பாதி வழியிலேயே உறைத்துவிட்டது. வெட்கமாக இருந்தது. காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டே வேலையில் இறங்கினார். பழைய டோக்கன்கள் அத்தனையையும் ரத்து செய்தார். இனி எந்த டோக்கனுக்கும் ஆயுள் குறைவு. பாஸ்வேர்டை மாற்றினால் எல்லாப் போனிலும் அது அப்போதே செத்துவிடும்.

வேலை முடிந்ததும் முகம் தெளிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு அம்சவேணியின் நம்பரை அழுத்தினார்.

"எல்லாம் சரியாயிடுச்சுன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடறேன் மேடம்."

தமயந்தி அவர் காலைப் பார்த்தாள்.

"உங்க செருப்பு திரும்பக் கிடைச்சிடுச்சு சார்."

மறுமுனையில் அம்சவேணி ஹலோ என்றாள். இன்னொரு முறையும் சொன்னாள். செல்வரங்கம் செருப்பைக் கழற்றிவிட்டு, "தப்பு என்னோடதும்மா," என்றார்.