திரும்பி நின்ற கடைக்காரர்

கம்ப்யூட்டர் பிராசஸரின் சூட்டைத் தணிக்க மலிவான கூலர் விசிறி போட்டால் வீடே இரையும் என்று எத்தனை பேரை மிரட்டியிருக்கிறீர், கடைக்காரரே! பூங்கோதையிடமும் அதே பாட்டுத்தான். வீட்டுக் கம்ப்யூட்டரில் பழைய கூலரின் இரைச்சலில் அவள் கைக்குழந்தைக்குத் தூக்கமே இல்லை.

"சத்தமில்லாதது இந்த உசத்தியானதுதாம்மா. கண்ணை மூடிக்கிட்டே சொல்லிடுவேன்."

"அப்படியாண்ணே? ரேடியோவை நிறுத்திட்டுத் திரும்பி நில்லுங்க. ரெண்டையும் ஒண்ணொண்ணா ஓட்டுறேன். சரியாச் சொன்னா அதையே வாங்கிக்கிறேன்."

என் பேரத்தை விட்டுவிட்டு நானும் காதைத் தீட்டினேன்.

முதலாவது ஓடியது. "இது மலிவு! என்னா இரைச்சல் பாரும்மா!"

இரண்டாவது ஓடியது. "இதான் உசத்தி! எறும்பு ஊர்ற சத்தம்கூட இல்லே."

திரும்பினீர். சுழன்றுகொண்டிருந்தது மலிவு.

அவள் அதையே வாங்கிப் போனாள், பிள்ளை தூங்குகிறது. மிரண்டு வாங்கிய மற்றவர்களைக் கூப்பிட்டு, கூடுதலாகப் பிடுங்கியதை இன்றைக்காவது திருப்பிக் கொடுமய்யா!