மணி மட்டும்

“டீச்சர், இதெல்லாம் ஒரு ஒழுங்கா?” என்று கேட்டார் கஸ்பார்.

கடலோர வயர்லெஸ் நிலையத்தில் அவர் சீடர். வலை இழுத்த கை, தலை நரைத்த பிறகு கம்ப்யூட்டர் படிக்க வந்திருந்தது. டீச்சர் அமலோற்பவம் அவரைவிட ரொம்ப இளையவர். ஆனாலும் குரு குருதானே!

“மைக்குக்கு ஒரு ஃபைல். ஏரியலுக்கு ஒரு ஃபைல். எச்சரிக்கைக்கு முன்னால அடிக்கிற மணிக்குக்கூடத் தனி ஃபைல். ஒரு செட்டிங்கைத் தேடுறதுக்குள்ள தாவு தீருது. எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டுட்டா என்ன?”

“போடுங்க அண்ணாச்சி. பழசை மட்டும் அழிச்சிராதீங்க.”

போட்டார். இனி எல்லாம் ஒரே இடத்தில். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

கோயில் கொடியேற்றம் வந்தது. மணிக்குப் பதிலாக மாதா பாட்டு ஒலிக்கட்டுமே என்று அவருக்கு ஓர் ஆசை. அதற்கென்று ஒரு வரி எழுதினார். எழுதியதில் ஏதோ பிசகு.

மிஷின் மொத்த ஃபைலையும் படிக்க மாட்டேன் என்றுவிட்டது. மைக் இல்லை, ஏரியல் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மகன் ரொசாரியோ கடலில் இருந்தான்.

“டீச்சர், எம்புள்ள!”

“பழைய ஃபைல்களைத் திரும்பப் போடுங்க அண்ணாச்சி.”

அவசர அவசரமாகப் போட்டார்.

“இப்ப மணியோட ஃபைல்ல அந்தப் பாட்டு வரியை அப்படியே எழுதுங்க.”

“ஐயோ, அதுதானே வினையே!”

“எழுதுங்க.”

இந்தப் பெண்ணுக்குப் பைத்தியமா என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே, “மாதாவே!” என்று வேண்டிக்கொண்டு அந்த வரியை எழுதினார். மிஷினைப் போட்டார்.

மைக் வந்தது. ஏரியல் வந்தது. மணியின் ஃபைல் சரியில்லை என்று திரையில் ஒரு சிவப்பு வரி வந்தது. அவ்வளவுதான்.

மைக்கைப் பாய்ந்து பிடித்தார்.

“லே ரொசாரியோ! சூறைக்காத்து வருது, கரைக்குத் திரும்புலே!”

வெறும் இரைச்சல். கஸ்பாருக்கு உயிரே போய்விட்டது.

பிறகு அந்தக் குரல்.

“திரும்பிட்டேம்பா, பக்கத்துலதான் வாறேன். ஆமா, மணி அடிக்கலையே, என்னாச்சு?”

கஸ்பார் அழுதார். அழுதுகொண்டே சிரித்தார்.

“மணி மட்டும்தாம்ல அடிக்கல!” என்று கரைக்கே கேட்கும்படி கத்தினார். “மணி மட்டும்தாம்ல!”